இருக்கை வரிசையில் ஓர் ஊர்

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரத்துக்கு வடக்கே ஏழெட்டு மைல் தள்ளி மிடில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1701 வாக்கில் அந்த ஊர்க் கோயிலின் உட்புறத்தை ஒரு தாளில் வரைந்தார் ரிச்சர்ட் காஃப் என்ற விவசாயி. அப்போது அவருக்கு வயது 66. பெஞ்சு பெஞ்சாகக் கட்டம் போட்டு, எந்த இருக்கை எந்த வீட்டுக்கு உரியது என்று குறித்தார். பிறகு ஒவ்வொரு வீட்டையும் எடுத்துக்கொண்டு, அதில் யார் யார் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யாரைக் கட்டினார்கள், எப்படிப் பிழைத்தார்கள், எப்படிக் கெட்டார்கள் என்று தாத்தா காலம் தொட்டுத் தன் காலம் வரை எழுதிக்கொண்டே போனார். 1723-ல் அவர் இறந்தார். நூறு ஆண்டுக்கு மேல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த அந்த நூல் 1834-ல்தான் முதன்முறையாக அச்சேறியது.

ஆங்கிலேய ஊர் வரலாறுகளைப் பற்றிப் பேச வந்தவர்கள் யாரும் இதைத் தாண்டிப் போனதில்லை. உள்ளூர் வரலாற்றைத் தனித் துறையாக வளர்த்த டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். டேவிட் ஹே 1974-ல் இந்த ஒரே ஊரைப் பற்றி முழு ஆய்வு நூல் எழுதினார். 1981-ல் வந்த பெங்குவின் பதிப்பும் அவர் செய்ததுதான். புகழ் நிலைத்துவிட்ட நூல். ஆனால் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் அதன் கதைச்சுவையைப் புகழ்ந்தார்கள். குடும்பப் பதிவு என்ற அளவில் இந்த நூலை எவ்வளவு நம்பலாம், இதில் இருப்பது யாருடைய ஊர் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அதன் எடை தெரியும்.

முதலில் அந்த இருக்கை வரிசை. படிக்கிறவர்களுக்கு இது ஒரு கிழவரின் அழகான யோசனையாகத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியிருக்க, வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்து நினைவுகூர்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான், இது நினைவுக்கான உத்தி மட்டும் இல்லை, ஒரு சொத்து ஆவணமும்கூட என்று பிடிபட்டது. மிடில் கோயிலில் இருக்கை ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பெரிய பண்ணை வீடுகளுக்கு முன்வரிசை, நடுத்தரப் பண்ணைகளுக்கு அடுத்தடுத்த வரிசைகள், குடிசைகளுக்குப் பின்னாலும் தெற்குச் சுவரோரமும். யார் எங்கே உட்காரலாம் என்பதற்கும் யார் கோயில் வரி கட்டுகிறார்கள் என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வரி கட்டாதவன் முன்னால் போய் உட்கார்ந்தால் பங்குக் கூட்டம், அதாவது அந்தக் கோயில் எல்லைக்குட்பட்டவர்களின் கூட்டம், கூடிப் பேசும். இருக்கைக்காகச் சண்டை வந்து தீர்ப்பான ஊர் அது. காஃப் எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சண்டைகளும் ஒரு காரணம். நாளைக்கு ஒருவன் வந்து இது என் இருக்கை என்றால், இல்லை, அது இன்ன பண்ணைக்கு உரியது, இன்ன இன்னார் உட்கார்ந்தார்கள் என்று எடுத்துக் காட்ட ஒரு சான்று வேண்டும்.

இதோடு குத்தகை முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் நிலம் பெரும்பாலும் மூன்று ஆயுள் குத்தகையில் இருந்தது. ஒரு விவசாயி குத்தகைக்கு எடுக்கும்போது மூன்று பேரின் பெயரைப் பத்திரத்தில் எழுதுவான். பொதுவாகத் தான், தன் மனைவி, ஒரு பிள்ளை. அந்த மூவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை நிலம் அவன் குடும்பத்துக்கு. மூன்றாவது ஆள் கண்ணை மூடிய அன்று குத்தகை முடிந்தது. அதனால் யார் யாருக்குப் பிறந்தார், எந்தப் பிள்ளை லண்டனுக்குப் போயிற்று, போன பிள்ளை இன்னும் இருக்கிறதா என்பதெல்லாம் அடுப்பங்கரைப் பேச்சாக நின்றுவிடாது. நிலம் கைமாறுவது அதைப் பொறுத்தது. காஃப் இளமையில் ராபர்ட் கார்பெட் என்ற பெரிய மனிதரிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். பத்திரம் படிக்கத் தெரிந்தவர், வழக்குக்கு அலைந்தவர். அவருடைய நினைவாற்றலை வியக்கிறவர்கள் அந்த நினைவுக்குப் பின்னால் இருந்த தேவையையும் பார்க்க வேண்டும். பிறப்பையும் சாவையும் சரியாக நினைவில் வைத்தால்தான் பிழைக்க முடியும் என்ற சமூகத்தில் ஒரு கூர்மையான ஆள் 66 வருடம் வாழ்ந்தால் அவர் தலைக்குள் என்ன சேருமோ அதுதான் இந்த நூல்.

இங்கே பங்குப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ல் போட்ட உத்தரவின்படி இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். குடும்ப வரலாறு தேடுகிற எவரும் முதலில் போய் நிற்கும் இடம் இந்த ஏடுதான். நாள், பெயர், தகப்பன் பெயர் என்று வறண்ட வரிகள். ஆனால் நாள் துல்லியமானது, அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது, எழுதியவனுக்குப் பொய் சொல்லக் காரணமும் குறைவு. காஃபோ நாளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவருக்கு ஒரு சம்பவம் உள்நாட்டுப் போருக்கு முன், போருக்குப் பின், என் தகப்பனார் காலத்தில், அவ்வளவுதான். எனவே காலக்கணக்குக்குப் பதிவேடு, சுவைக்குக் காஃப் என்று பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். பலரும் அப்படித்தான் பிரித்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

காரணம் இது. பதிவேடு ஊரில் தங்கியவர்களை மட்டுமே பார்க்கும். ஒரு பெண் ஞானஸ்நானம் பெற்றாள் என்று எழுதும். அவள் பதினாறு வயதில் வேலைக்காரியாக வேறு ஊருக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்து அங்கேயே செத்தால், மிடில் ஏட்டில் அவள் என்றென்றும் கைக்குழந்தைதான். டெவன் மாவட்டத்துக் காலிட்டன் ஊரின் பதிவேடுகளை வைத்து வரலாற்றாசிரியர் ஈ. ஏ. ரிக்லி 1966-ல் குடும்பங்களை மறுபடி கட்டி எழுப்பிக் காட்டியபோது மக்கள்தொகை வரலாறே மாறியது. அந்த முறையின் அடிப்படைக் குறையும் அதேதான். பிறந்த இடத்திலேயே மணந்து மடிந்த குடும்பங்களை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு பேர்? நாட்டிங்காம்ஷயரில் கிளேவொர்த் என்ற ஊரின் பாதிரியார் 1676-லும் 1688-லும் தன் ஊர் மக்கள் முழுவதையும் வீடு வீடாக எழுதிவைத்தார். வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் அந்த இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டபோது, முதல் பட்டியலில் இருந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் 12 ஆண்டுக்குள் பட்டியலை விட்டு மறைந்திருந்தார்கள். செத்தவர்கள் ஒரு பகுதி, போனவர்கள் பெரும்பகுதி. தலைமுறை தலைமுறையாக அசையாமல் வேரூன்றிய ஆங்கிலக் கிராமம் என்ற படம் அன்றோடு கலைந்தது.

காஃபின் நூல் அந்த உண்மையை முன்பே சொல்லிவிட்டிருந்தது. இருக்கை நிலையாக இருக்கிறது, ஆட்கள் மாறுகிறார்கள். ஒரே பெஞ்சில் நாற்பது ஆண்டில் மூன்று குடும்பம் உட்காருகிறது. ஒரு குடும்பம் வெல்ஷ் எல்லையிலிருந்து வந்தது, இன்னொன்று கடனில் மூழ்கிக் கிளம்பியது, மற்றொன்றில் ஆண்வாரிசு இல்லாமல் மருமகன் வந்து உட்கார்ந்தான். மகன் லண்டனுக்குப் போய்க் கடைப் பயிற்சியில் சேர்ந்தான், மகள் ஷ்ரூஸ்பரியில் வாழ்க்கைப்பட்டாள் என்று பதிவேடு கைவிட்ட இடத்தில் காஃப் தொடர்கிறார். குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறுகிற வம்சமரம் ஒருவகை. அதில் பெயர் மாறாமல் இருக்கும், இடம் மாறும். காஃபுடையது அதற்கு நேர்மாறு. இடம் மாறாமல் இருக்கிறது, அதன்வழியாக வம்சங்கள் கடந்துபோகின்றன. ஓர் ஊரைப் புரிந்துகொள்ள இரண்டாவதே நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, அவர் சொல்வது உண்மையா? இங்கேதான் நிதானம் வேண்டும். அவர் எழுதியதை எல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

உள்நாட்டுப் போர்க் காலம். ஊர்க் கொல்லன் ஆலன் சாலனர் பட்டறைக்கு ஒரு நாள் அரசர் படையைச் சேர்ந்த காலின்ஸ் என்ற ஐரிஷ் அதிகாரி வந்திருக்கிறான். மோர்ட்டன் கார்பெட் கோட்டையிலிருந்து வந்த நாடாளுமன்றப் படையாட்கள் சிலர் வேறொருவனைத் தேடிக்கொண்டு ஊருக்குள் நுழைகிறார்கள். பட்டறை வாசலில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். கொல்லன் வீட்டுக்குள் தூக்கிக் கிடத்துகிறார்கள். ஜெபம் செய்யப் பள்ளி ஆசிரியர் ராடெரிக்கை அழைத்துவர ஆள் போகிறது. ஆசிரியரோடு ஒரு சிறுவனும் போகிறான். படுக்கையில் கிடக்கும் அதிகாரியையும், தரை நெடுக ஓடும் இரத்தத்தையும் பார்க்கிறான். அந்தச் சிறுவன் காஃப். அறுபது ஆண்டு கழித்து எழுதும்போது தன் கண்ணால் கண்டதாக அவர் சொன்னது அவ்வளவுதான்.  கண்ணால் கண்டதை மிகைப்படுத்தாத ஆள் இவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

தாமஸ் எல்க்ஸ் கதை வேறு வகை. சொத்துக்காக அண்ணன் பிள்ளையைத் தண்ணீர் வாளியில் அமுக்கிக் கொன்றுவிட்டு லண்டன் பக்கம் ஓடினானாம். இரண்டு அண்டங்காக்கைகள் விடாமல் கூடவே பறந்துபோய், அவன் ஒளிந்திருந்த வைக்கோல் குவியலைக் கொத்திக் காட்டிக்கொடுத்தனவாம். கொலையும் தூக்கும் நடந்திருக்கலாம். காக்கைகள், சிந்திய இரத்தம் தானே பேசும் என்ற மக்களின் நம்பிக்கையிலிருந்து வந்தவை. காஃப் இதைச் சந்தேகிக்காமல் சொல்கிறார். தனக்கு முந்திய தலைமுறைக் கதை என்றால் அவருடைய வடிகட்டி தளர்ந்துவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் கோழித் திருடன் ஜான் ஆஸ்டன். 24 சேவலும் கோழியும் திருடியதாக வழக்கு. அன்றைய சட்டத்தில் திருட்டுப் பொருளின் மதிப்பு 12 பென்னியைத் தாண்டினால் அது தூக்குக்குரிய குற்றம். நடுவர்குழு கோழிகளின் மதிப்பு 11 பென்னி என்று தீர்த்தது. இந்த நாட்டில் கோழி இவ்வளவு மலிவா என்று நீதிபதி சிரித்தாராம். சிரிப்பு வாய்வழி வந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த 11 பென்னி சத்தியம். ஏழைத் திருடனின் கழுத்தைக் காப்பாற்ற நடுவர்கள் மதிப்பைக் குறைத்துச் சொல்வது அந்தக் காலத்து நீதிமன்றங்களில் நன்கறிந்த வழக்கம். கதையின் நகைச்சுவைக்குள் சட்டம் எப்படி நடைமுறையானது என்ற செய்தி பத்திரமாக இருக்கிறது.

நூலின் உச்சம் என்று எல்லோரும் காட்டுவது போருக்குப் போனவர்களின் பட்டியல். மிடில் குன்றில் ஆட்களைக் கூட்டி, ஈட்டிகளை நட்டுவைத்து, வாரம் 14 குரோட் கூலி என்று கூவி அரசர் படைக்கு ஆள் எடுத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன பையன்களில் காஃபும் ஒருவர். மிடில், மார்டன், நியூட்டன் மூன்று சிற்றூர்களிலிருந்து 20 பேர் போனார்கள், 13 பேர் மாண்டார்கள் என்று எழுதுகிறார். மூன்று சிற்றூரிலேயே இத்தனை என்றால் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் என்றும் கேட்கிறார். இந்த 13 என்ற எண்ணை அப்படியே எடுத்து எழுதுகிறவர்கள் பட்டியலை வரி வரியாகப் பார்ப்பதில்லை. தாமஸ் ஃபார்ம்ஸ்டன் எங்கே மாண்டான் என்று தெரியாது என்கிறார். இன்னொருவன் ஆஸ்வெஸ்ட்ரியில் என்று நினைக்கிறேன் என்கிறார். சிலரை ஹாப்டன் கோட்டை முற்றுகையில் என்று உறுதியாகச் சொல்கிறார். அதில் ஒருவன் அவருடைய அப்பாவிடம் வேலை பார்த்தவன். ரிச்சர்ட் சாலனர் எட்ஜ்ஹில் போருக்குப் போனான், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவனைப் பற்றிச் சேதியே இல்லை. அவனும் 13-ல் ஒருவன். ஆக அந்த எண் மாண்டவர்களும் திரும்பாதவர்களும் சேர்ந்த கணக்கு. இது காஃபின் நம்பகத்தன்மையைக் குறைக்கிறதா? எனக்குக் கூட்டுவதாகவே படுகிறது. அறிந்தது, நினைப்பது, தெரியாதது மூன்றையும் அவர் கலக்கவில்லை. கலந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். இந்த இளைஞர்களின் சாவு ஊர்ப் பதிவேட்டில் இருக்க வழியுமில்லை, வெளியூரில் விழுந்தவர்கள் அவர்கள். இந்த ஒரு பட்டியலுக்காகவே பதிவேட்டை நாள் பார்க்கும் ஏடாகவும், காஃபை மூல ஆவணமாகவும் கொள்ள வேண்டும் என்பேன்.

டேவிட் ஹே பதிவேடுகள், உயில்கள், இறந்தவரின் வீட்டுச் சாமான் பட்டியல்கள், குத்தகைப் பத்திரங்கள் எல்லாவற்றோடும் காஃபை ஒத்துப் பார்த்தார். ஆள், உறவு, நிலம் ஆகியவற்றில் காஃப் வியக்கத்தக்க அளவு நின்றார். ஆனால் அதே ஆய்வுதான் காஃபின் பெரிய பலவீனத்தையும் எனக்குக் காட்டியது. அது தகவலில் இல்லை, காரணம் சொல்வதில்.

ஒரு குடும்பம் ஏன் கெட்டது? காஃபுக்குப் பதில் தயாராக இருக்கிறது. குடி. இல்லையென்றால் சோம்பல், இல்லையென்றால் ஊதாரித்தனம். கணவனும் மனைவியும் சேர்ந்து மதுக்கடைக்கு நடந்து, மாடு, நிலம் என்று ஒவ்வொன்றாகத் தொலைத்த கதைகள் நூல் முழுக்க வருகின்றன. அவற்றைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஹே பத்திரங்களிலிருந்து காட்டும் ஊரில் வேறொன்று நடக்கிறது. காடு வெட்டப்படுகிறது, சதுப்பு வடிக்கப்படுகிறது, புறம்போக்கில் வெளியூர் ஏழைகள் வந்து குடிசை போடுகிறார்கள், கூலியாட்கள் பெருகுகிறார்கள். பெரிய பண்ணைக் குடும்பங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. சிறு நிலத்தை வைத்திருந்தவர்கள் ஒரு கெட்ட வருஷத்தில் சரிகிறார்கள். அதே குடியைப் பெரிய பண்ணைக்காரன் குடித்தால் நிலம் தாங்கும், ஐந்து ஏக்கர்க்காரன் குடித்தால் தாங்காது. இந்த வித்தியாசத்தைக் காஃப் பார்க்கவில்லை. அவர் நியூட்டன் பண்ணை ஒன்றின் சொந்தக்காரர். பார்க்கும் இடம் அவருடைய பெஞ்சு.

பெண்களை அவர் பார்க்கும் விதமும் அப்படியே. யாருக்கு மனைவி, எவ்வளவு சீர் கொண்டுவந்தாள், வாய் எப்படி, ஒழுக்கம் எப்படி. கெட்டிக்காரி என்றோ பொறுமைசாலி என்றோ சிலரை மனமாரப் பாராட்டுகிறார், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரு பெண் தன் சொந்த வேலையால் தெரியவருகிற பக்கங்கள் குறைவு. கோயிலில் அவர்களும்தான் உட்கார்ந்தார்கள்.

ஏழைகளைச் சேர்த்துக்கொண்ட நூல் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். தெற்குச் சுவரோரத்துக் குடிசைக்காரர்கள் இதில் பெயரோடு இருக்கிறார்கள். அந்தக் காலத்து வேறு எந்த ஊர் நூலிலும் இதைக் காண்பது அரிது. ஆனால் நூலின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 1662-ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டத்தின் கீழ் மிடில் பங்கு மற்றப் பங்குகளோடு நடத்திய வழக்குகள் அங்கே வரிசையாக வருகின்றன. இந்த நொண்டி யாருடைய பொறுப்பு, இந்தக் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் எந்த ஊர் சோறு போட வேண்டும் என்ற வழக்குகள். ஜெயித்த வழக்கை மகிழ்ச்சியோடும் தோற்றதை வருத்தத்தோடும் எழுதுகிறார். அந்த ஆட்கள் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்குத் தள்ளப்பட்டபோது என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கவில்லை. மற்றக் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை வரை தேடிப்போகிற பேனா இவர்களிடம் வழக்குச் செலவோடு நின்றுவிடுகிறது. வரி கட்டுகிறவனுக்கு இருக்கை, இருக்கை உள்ளவனுக்கு வரலாறு. நூலின் அமைப்பே இந்த விதியில் நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைகிறது. ஆள் யார், உறவு என்ன, நிலம் எப்படிக் கைமாறியது, போனவன் எங்கே போனான் என்பவற்றில் காஃபை நம்பலாம். எதிர்ச்சான்று வரும்வரை பதிவேட்டைவிட அவரையே முதலில் கேட்கலாம். நாளுக்கும் அவருடைய தாத்தா காலத்துக் கதைக்கும் அவரை நம்பக் கூடாது. வீழ்ச்சிக்கு அவர் சொல்லும் காரணங்களை ஒரு வரி செலுத்துபவரின் அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே குத்தகைப் பத்திரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இதை மிடில் ஊரின் வரலாறு என்பதைவிட மிடில் ஊரில் உட்காரும் உரிமையின் வரலாறு என்பதே பொருந்தும். அந்த எல்லைக்குள் இதற்கு நிகரான குடும்பப் பதிவு அந்த நூற்றாண்டு இங்கிலாந்தில் இல்லை.

ஆனால் அந்த எல்லையை அவரே ஓரிடத்தில் மீறியிருக்கிறார், போர்ப் பட்டியலில். மிடில் குன்றுப் பாறையில் ஒரு குகையில் குடியிருந்தவன் வில்லியம் பிரீஸ். தகப்பனும் மூன்று பிள்ளைகளும் போருக்குப் போனார்கள், இரண்டு பிள்ளைகள் திரும்பவில்லை. குகைக்குக் கோயிலில் என்ன இருக்கை? எட்ஜ்ஹில்லுக்குப் போன ரிச்சர்ட் சாலனர் முறைதவறிப் பிறந்தவன், பங்கின் உதவியில் ஒருபகுதி வளர்ந்தவன். பெரிய பையனானதும் ஷ்ரூஸ்பரிக்குப் போய்ப் படையில் பெயர் கொடுத்தான். செலவுக் கணக்கில் மட்டுமே வந்திருக்க வேண்டிய பெயர். காஃப் அவனை 13 பேரில் மூன்றாவதாக, இன்ன கொல்லனுடைய உடன்பிறந்தவன் மகன் என்று உறவு சொல்லி, போன இடமும் போர் நடந்த தேதியும் சேர்த்து எழுதினார். நாளைப் பற்றிக் கவலைப்படாத அந்த மனிதர் இங்கே நாள் தந்திருக்கிறார்: 1642, அக்டோபர் 23.